ஒரு மணி நேரம் தாங்குமா?

வீட்டு விருந்துக்குக் கடையில் சாப்பாடு சொல்லப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, "எந்தக் கடையில நல்லா இருக்கும்?" என்றுதான். நான் அதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். கடையில் நன்றாக இருப்பது அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்து, விருந்தாளிகள் செருப்பைக் கழற்றி, குழந்தைகளைத் தேடிப் பிடித்து, கை கழுவி உட்காருகிற வரைக்கும் நன்றாக இருக்குமா? அது தெரிந்த பிறகு கடையைப் பற்றிப் பேசலாம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சிறு தகுதி உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் கேன்டீன் நடத்த அரசு உத்தரவிடலாம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு போட்ட சோற்றில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். ருசியாகச் சமைப்பது மாஸ்டர் வேலை. சமைத்தது பரிமாறும்வரை என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. மூன்று மணி டீக்குப் போட்ட போண்டா, மூன்றரைக்கு வருகிற ஷிப்ட் ஆளுக்கு வேறு பண்டமாகத்தான் கிடைக்கும். அதற்காக அவர் என்னைத்தான் திட்டுவார், மாஸ்டரை அல்ல.

ஓய்வுக்குப் பிறகு, வீட்டில் யாருக்குப் பிறந்த நாள் என்றாலும், பெண் பார்த்துப் பேசி முடித்த சந்தோஷம் என்றாலும், சாப்பாட்டு ஏற்பாடு என் தலையில் விழுகிறது. இப்போதெல்லாம் 20, 30 பேருக்கு யாரும் சமைப்பதில்லை. சமையல்காரரை வைத்துச் செய்ய அந்த எண்ணிக்கை போதாது, வீட்டுக்காரி ஒருத்தியே செய்ய அது அதிகம். எங்கள் அம்மா காலத்தில் விருந்தாளிக்குக் கடைச் சாப்பாடு போட்டால் ஊரே பேசும். மெஸ்ஸிலிருந்து அடுக்கில் வரும் எடுப்புச் சாப்பாடு, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கானது. அந்த வெட்கம் போய்விட்டது, நல்லதுதான். ஆனால் சமைக்கிற கை தெரிந்து வைத்திருந்த கணக்கும் அதோடு போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எது தாங்காது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தோசை தாங்காது. நெய் ரோஸ்ட்டைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்தால் பத்து நிமிடத்தில் துணி. பூரி அதைவிட மோசம்: உள்ளே இருக்கிற நீராவிதான் அதை உப்ப வைக்கிறது, பெட்டியை மூடியதும் அதே நீராவி மேல் தோலில் வேர்த்து, பூரி தொய்ந்துவிடுகிறது. பஜ்ஜி, போண்டா, கோபி 65 எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நூடுல்ஸ் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெட்டியின் வடிவத்திலேயே வெளியே வரும். வெண்பொங்கல் சிமென்ட் மாதிரி இறுகும். அதற்கு மட்டும் கொஞ்சம் வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளறினால் பிழைத்துக்கொள்ளும். தேங்காய்ச் சட்னியைச் சித்திரை வெயிலில் பார்சலாகக் கொண்டு வருவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தேங்காயும் பச்சை மிளகாயும் வீட்டில் இல்லையா என்ன? பத்து நிமிட வேலை அது.

தாங்குகிறவை என்று பார்த்தால், ஆவியில் வெந்ததெல்லாம் நம் பக்கம். இட்லி ஒரு மணி நேரத்துக்கு அசையாது. ஈரத்துணி போட்டு மூடினால் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும். இடியாப்பம் பயணத்துக்கென்றே பிறந்தது. அதோடு வடகறி. சைதாப்பேட்டையைப் பேர் சொல்லிப் பிரபலமாக்கிய பண்டம், இப்போது நம் பக்கத்து டிபன் கடைகளிலும் கிடைக்கிறது. கடலைப்பருப்பை அரைத்து வேகவைத்து உதிர்த்து மசாலாவில் போட்டதுதானே, நேரம் ஆக ஆக மசாலா இறங்கி ருசி ஏறத்தான் செய்யும். சைவ விருந்தாளிகளுக்கு பனீர் பட்டர் மசாலாதான் மரியாதை என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை இடியாப்பம், வடகறி, தேங்காய்ப்பால் வைத்துப் பாருங்கள். அசைவக்காரர்களும் அந்த மேசைப் பக்கம் வருவார்கள். அதனால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லி வைக்க வேண்டும்.

பரோட்டா நடுவில் நிற்கிற கட்சி. சால்னாவைத் தனியாக வாங்கி, பரோட்டாவை வாழை இலையில் சுற்றித் துணிப்பையில் கொண்டு வந்து, பரிமாறும் முன் தோசைக்கல்லில் அடுக்கிச் சூடு காட்டி, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் ஏடு பிரிந்து கொடுக்கும். அதற்கு ஆள் இருந்தால் வாங்குங்கள். சிக்கன் 65க்கும் ஆள் வேண்டும். மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டலில் 1965இல் வந்தது என்பார்கள். அந்தக் காலத்தில் அது எண்ணெயிலிருந்து நேராகத் தட்டுக்குப் போனது, பெட்டிக்குள் அடைபடவில்லை. நன்றாக வெந்த துண்டுகளாகவே வாங்கி, பெட்டியைத் திறந்தபடி கொண்டு வந்து, வீட்டில் காய்ந்த எண்ணெயில் இன்னொரு முறை ஒரு நிமிடம் காட்டி எடுத்தால் மொறுமொறுப்பு திரும்பும். கறிவேப்பிலையை மட்டும் புதிதாகப் பொரித்து மேலே போடுங்கள். வாசனையில் பாதிப் பேர் ஏமாந்துபோவார்கள்.

இனி பிரியாணி. இந்தப் பக்கத்தில் விருந்து என்றால் அதுதான், மறுப்பதில் அர்த்தமில்லை. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருவேற்காடு, வானகரம் வரை எந்தத் தெருவில் திரும்பினாலும் சிவப்புத் துணி சுற்றிய ஒரு அண்டா தென்படும். பயணத்துக்கு ஏற்ற உணவு என்றாலும் அதுதான் முதலிடம். தம்மில் வெந்தது, மூடிய பாத்திரத்துக்குள் தன் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் பக்குவப்படும். அண்டாவிலிருந்து தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினால் அந்த லாபம் போய்விடும். 20 பேருக்கு 20 டப்பா வாங்குவதைவிட ஒரே பாத்திரத்தில் மொத்தமாக வாங்குவது சூட்டுக்கும் நல்லது, குப்பைக்கும் நல்லது.

என்ன அரிசி என்பதிலும் எனக்கு ஒரு கட்சி உண்டு. ஆம்பூர்க்காரர்களும் திண்டுக்கல்காரர்களும் சீரகச் சம்பாவில் போடுகிறார்கள். நாகசாமி நாயுடு 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய கடைதான் இன்று தலப்பாக்கட்டி என்று ஊர் ஊராக இருக்கிறது. அந்தப் பொடி அரிசி மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்வதால் கொஞ்சம் ஆறினாலும் வாயில் ருசி நிற்கிறது. பாஸ்மதி பார்க்க அழகு, நீளம் நீளமாக உதிரும். மாடியில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் திறந்து வைத்தால் வறண்டு குத்தும். வெந்த அரிசியில் இருக்கிற மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகுகிற இயல்புடையது. பழைய சோறு விறைத்துப்போவதும் அதனால்தான். விருந்துக்கு என் ஓட்டு சீரகச் சம்பாவுக்கு. தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் கடையில் வாங்கலாம், தயிர்ப் பச்சடியை வீட்டில் செய்யுங்கள். கடைப் பச்சடி பாதி தண்ணீர், மீதி வெங்காயம்.

இப்போது நிஜமான சிக்கலுக்கு வருகிறேன். போன மாதம் தம்பி மருமகள் போன் செய்தாள்.

"அத்தை, இருபத்தஞ்சு பேர் வர்றாங்க. அஞ்சு கிலோ பிரியாணி சொல்லிடட்டா?"

"எந்தக் கணக்குல அஞ்சு கிலோ?"

"கிலோன்னா கிலோதானே அத்தை!"

இல்லை. பாய் மாஸ்டரிடம் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ அரிசி. அதோடு ஒரு கிலோ கறி, வெங்காயம், தக்காளி, தயிர், எண்ணெய், அரிசி இழுத்துக்கொண்ட தண்ணீர் எல்லாம் சேர்ந்து இறக்கும்போது மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. பத்துப் பேர் சாப்பிடலாம். போன் செயலியில் ஒரு கிலோ என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெந்த எடை, மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். ஆக, அவள் சொன்ன ஐந்து கிலோ ஒரு கணக்கில் 50 பேருக்கு விருந்து, இன்னொரு கணக்கில் 15 பேருக்கு. பக்கெட் பிரியாணி விற்கிற கடைகள் இத்தனை பேருக்கு என்று பக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் 'பேர்' யார் என்பது கடைக்காரர் மனதுக்குத்தான் தெரியும். அதனால், "அரிசிக் கணக்கா, வெந்த கணக்கா, எத்தனை பீஸ்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எந்த பாயும் கோபித்துக்கொள்ள மாட்டார். கணக்குத் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று பீஸைக் கொஞ்சம் பார்த்துப் போடுவார்.

தம்பி வீட்டு 25 பேரில் ஆறு பேர் குழந்தைகள், நாலு பேர் சைவம். குழந்தைகளை அரை ஆளாக வைத்தால் பிரியாணிக்கு 18 ஆள். இடியாப்பமும் இருப்பதால் இரண்டு கிலோ அரிசி போதும் என்றேன். மற்றதெல்லாம் கேன்டீன் கணக்கு: வேறு பலகாரமும் இருக்கிற இடத்தில் தலைக்கு மூன்று இட்லி, சாம்பார் ஒரு லிட்டருக்கு ஆறு பேர், பாயசம் தலைக்கு நூறு மில்லி. தயிர் சாதம் எல்லாரும் வேண்டாம் என்பார்கள், கடைசியில் எல்லாரும் இரண்டு கரண்டி வாங்குவார்கள். அதை வீட்டில் பிசைவதுதான் நல்லது. கடையில் காலையிலேயே பிசைந்து வைத்தது மதியத்துக்குள் புளித்துவிடும்.

அந்த நாலு சைவக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "அவங்களுக்குக் குஸ்கா வாங்கிடலாம்" என்று படித்த பிள்ளைகளே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குஸ்கா என்பது அதே அண்டாவில், அதே கறிச் சாற்றில் வெந்த சோறு. கறித்துண்டை எடுத்துவிட்டால் அது சைவம் ஆகிவிடாது. ஃப்ரைட் ரைஸ் கடையில் வெஜ் என்று எழுதியிருந்தாலும் வாணலி ஒன்றுதான், கரண்டி ஒன்றுதான். சைவத்தைச் சைவக் கடையில் வாங்குங்கள், தனி மேசை போடுங்கள், தனிக் கரண்டி வையுங்கள். அந்தப் பழக்கம் சரியா தவறா என்று வாதாட வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அடுக்குமாடிகள் வந்த பிறகு தெலுங்குக்காரர்கள், வடக்கே இருந்து வந்தவர்கள் என்று பக்கத்து வீடுகளே பல ஊராகிவிட்டன. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களும் வருவார்கள். அவர்களுக்குக் கடையில் தேடி அலையாமல் வீட்டில் ஒரு எலுமிச்சை சாதம் கிளறிவிடுவது சுலபம்.

"நீங்க அசைவம்தானே?" என்று கேட்டால் மட்டும் போதாது, "அன்னைக்கு ஏதாவது விரதம் இருக்கா?" என்றும் கேட்க வேண்டும். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்தில் செவ்வாய், வெள்ளி கறி தொடாத வீடுகள் நிறைய. ஆடியில் கூழ் ஊற்றுகிறவர்கள், புரட்டாசி முழுக்க விடுகிறவர்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் என்று காலண்டரில் பாதி போய்விடும். புரட்டாசியில் விருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் பிரியாணியைப் பாதியாகக் குறைத்துவிட்டு டிபனைக் கூட்டுங்கள். மாலை போட்டவர் ஒருவர் வந்தாலும் அவருக்குக் கடைச் சாப்பாடே வேண்டாம், வீட்டில் குளித்துச் செய்தது ஏதாவது வேண்டும்.

செயலியில் சொல்வதா, நேரில் சொல்வதா? ஸொமேட்டோவும் ஸ்விக்கியும் இருக்கின்றன. நாலு பேருக்கு இரவுச் சாப்பாடு என்றால் அவற்றுக்கு நிகரில்லை. 25 பேருக்கு அவை சரிப்படாது. இரண்டு சக்கர வண்டியின் பையில் அத்தனையும் அடங்காது. அடங்கினாலும் ஒன்றன் மேல் ஒன்று நசுங்கி, சாம்பார் சாய்ந்து வரும். வானகரம்-அம்பத்தூர் சாலையில் மாலை நெரிசலைப் பார்த்தவர்கள் 'முப்பது நிமிடம்' என்று போனில் காட்டுவதை நம்ப மாட்டார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆள் கிடைப்பதே அரிது. நான் கடையைத் தூரத்தை வைத்துத்தான் பொறுக்குகிறேன். பைபாஸுக்கு அந்தப் பக்கம் முகப்பேரில் இதைவிட நல்ல பிரியாணி கிடைக்கலாம், அண்ணா நகரில் அதைவிடவும் நல்லது கிடைக்கலாம். இரண்டு கிலோமீட்டருக்குள் கிடைக்கிற சுமாரான கடையின் சூடான பிரியாணிக்கு அவை ஈடாகாது.

நேரில் சொன்னால் விலையும் பெரும்பாலும் குறைவு. செயலியில் பல கடைகள் ஏற்றித்தான் போடுகின்றன, மேலே அவர்கள் கட்டணம் வேறு. வரியிலும் வித்தியாசம் உண்டு. வழக்கமான உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். இணக்க வரித் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகளும், பதிவே தேவைப்படாத அளவு சிறிய கடைகளும் உங்களிடம் அதைத் தனியாக வசூலிக்கக் கூடாது. ஆனால் 2022 ஜனவரி முதல் செயலி வழியாக வாங்கினால், கடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த 5 சதவீதம் சேரும். இரண்டு நாள் முன்னால் கடைக்குப் போய், அட்வான்ஸ் கொடுத்து, எத்தனை மணிக்குத் தம் உடைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவது நல்லது. போகும்போது, சமைக்கிற இடம் கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்க வேண்டும் என்பது 2022இலிருந்து கட்டாயம்.

பாத்திரத்தை நீங்களே கொடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கும், உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாளுக்கும், பிளாஸ்டிக் பூசிய தட்டுகளுக்கும் தடை இருக்கிறது. தடை இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி முடிச்சுப் போடும் கையை இன்றும் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்கு, கல்யாணத்துக்கு வந்த ஒரு அடுக்கு, ஒரு ஹாட்பாக்ஸ் இருக்கின்றன. முதல் நாள் இரவே கடையில் கொடுத்துவிடுவேன். அதில் வாங்கும்போது அளவும் கண்ணுக்குத் தெரியும்.

வந்த பிறகு நேரம்தான் முக்கியம். சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். நம் ஊர் வெயில் முழுக்க அந்த நடுவில்தான் இருக்கிறது. சோற்றில் ஒரு தனி ஆபத்து உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அது வாந்தியைக் கிளப்புகிற நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. 'கொதிக்க வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது' என்கிற நம் நம்பிக்கை சோற்றிடம் செல்லாது. ஆகவே ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரைக்கு முன் கடையிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு மணி என்று அழைத்தால் நம் ஆட்கள் ஒன்றரைக்குத்தான் வருவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். பாத்திரத்தின் மூடியை எடுக்காமல், காய்ந்த தோசைக்கல்லின் மேல் வைத்து அடுப்பைச் சிம்மில் விட்டால் பிரியாணி சூடு இறங்காது.

பிள்ளைகள் ஷவர்மா, பர்கர் கேட்பார்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அது தோதான இடம் என்பது காரணம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கேன்டீன்காரியாக என் தீர்ப்பு இது: கூட்டத்துக்கு ஷவர்மா வாங்காதீர்கள். ஒரு மணி நேரம் மேசையில் காத்திருப்பது அந்தக் கறிக்கும் மயோனைஸுக்கும் ஒத்துவராது. பிள்ளைகளுக்குக் கொத்து பரோட்டா வாங்குங்கள், அவர்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இனிப்பைக் கடையிலேயே வாங்கலாம். பிரியாணிக் கடையின் பிரெட் அல்வா சூடு ஆறினாலும் கெடாது. ஐஸ்கிரீமைத் தெருமுனைக் கடையில் சாப்பாடு முடியும்போது வாங்கிக்கொள்ளலாம்.

மீந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாட்ச்மேனுக்கும் வேலை செய்கிற அம்மாவுக்கும் கொடுப்பதை, விருந்தாளிகள் கை நனைக்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துச் சூடாகக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தைத் தட்டையான பாத்திரங்களில் பரப்பி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். விருந்தாளிகள் கிளம்பும்போது டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்ப நமக்குக் கை துறுதுறுக்கும், "மாமிக்கு ரெண்டு வாய் எடுத்துட்டுப் போம்மா" என்று வாயும் சொல்லும். பிரெட் அல்வாவைக் கொடுங்கள், பழம் கொடுங்கள், வெற்றிலை பாக்கு கொடுங்கள். மதியத்திலிருந்து மேசையில் இருந்த பிரியாணியை மட்டும் மாலையில் யார் பையிலும் வைத்து அனுப்பாதீர்கள்.